கோலார் தங்கவயல்: நம்மவர் தோண்டிய குழியில் விடை காணாத வினாக்கள்



"தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அண்டத்தின் தோற்றமும் அணுவின் உட்கூறும் எதற்கு? அவையெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய அறிஞர்கள் செய்கின்ற ஆய்வு. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. பெற்றோர் மட்டுமல்லர், ஆசிரியர்களுள்ளும் சிலர் அவ்வாறே எண்ணுகின்றனர். கேமரன் மலையில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளின் உள்ளத்திலும் அவ்வெண்ணம் மெல்ல மெல்லப் பதிந்துவிடுகிறது.

தொடர்பு உண்டு. அதுவும் நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே உண்டு. பேரண்டத்தைப் பற்றி இன்றுவரை விடை காணப்படாத சில வினாக்களை உலகம் முதன்முதலில் சோதித்துப் பார்த்த இடங்களுள் ஒன்று, தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் தோண்டிய ஒரு தங்கச் சுரங்கம் ஆகும். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே பஞ்சம், இரு பயணங்கள்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். ஒரு சாரார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தனர். மற்றொரு சாரார் வட ஆர்க்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து மேற்கே நடந்தும் ரயிலேறியும் மைசூர் சமஸ்தானத்துக் கோலாருக்குச் சென்றனர். ஒரே ஊரில் பிறந்த இருவருள் ஒருவர் இங்கு வந்திருக்கலாம். மற்றவர் அங்குச் சென்றிருக்கலாம். இங்கே கங்காணி, அங்கே மேஸ்திரி. இங்கே லயம், அங்கேயும் தகரக் கூரை வேய்ந்த குடிசை வரிசை.

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் கோலாரில் தங்கம் எடுக்கும் பணியை ஏற்றது. நாம் வாழும் இம்மலையை நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்தது 1885-ஆம் ஆண்டில்தான். இங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-ஆம் ஆண்டில். அதாவது, நம்மவர் இம்மலையில் கொழுந்து பறிக்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே கோலாரில் நம்மவர் பாறையைக் குடையத் தொடங்கிவிட்டனர்.

1902-ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் அந்தச் சுரங்கங்களுக்குக் கொண்டு வரப்பட்டது. சுரங்கங்கள் ஆண்டுதோறும் ஆழமாகிக்கொண்டே சென்றன. இறுதியில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேல். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடிக்கும். பாறைத்தூளைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் கெட்டது. கீழே இறங்கியவர்கள் அனைவரும் மேலே வரவில்லை என்பதே அவ்வூரின் வரலாறு.

அத்தொழிலாளர்களுள் பெரும்பாலோர் சாதியால் ஒடுக்கப்பட்ட மக்கள். ஆயினும் அறிவுத் தாகம் இல்லாத மக்கள் அல்லர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ஆம் ஆண்டு தொடங்கிய இதழ் பின்னர்த் 'தமிழன்' என்னும் பெயரில் வெளிவந்தது. அதற்குத் தங்கவயலில் வாசகர்கள் பலர் இருந்தனர். அவர் மறைந்த பிறகு, 1920-களில் அவ்விதழ் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிடப்பட்டது. சுரங்கத் தொழிலாளர்கள் வாங்கிப் படித்துத் தாங்கி நடத்திய தமிழ் இதழ் அது என்பதை நாம் மறத்தலாகாது.

பாறை ஒரு சல்லடை

இனி, விஞ்ஞானிகள் ஏன் தங்கச் சுரங்கத்திற்குள் இறங்கினர் என்பதைக் காண்போம்.

விண்வெளியிலிருந்து அதிவேகத் துகள்கள் நம் வளிமண்டலத்தின்மீது ஓயாமல் மோதிக்கொண்டிருக்கின்றன. இவை அண்டக் கதிர்கள் எனப்படும். அம்மோதலில் மியூவான் என்னும் துகள்கள் பிறந்து தரைக்கு வருகின்றன. நம் உள்ளங்கையை விரித்து வைத்தால், ஒரு வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் அதனூடே சென்றுகொண்டிருக்கும்.

அதே மோதலில் நியூட்ரினோ என்னும் மற்றொரு துகளும் பிறக்கிறது. இதனை நுண்நொதுமி எனவும் தமிழில் வழங்குவர். இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டு பவுலி என்னும் அறிஞர் கருதினார். அணு உலையின் அருகே அதனை 1956-ஆம் ஆண்டு ரைன்ஸ், கோவன் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். இதற்கு மின்னூட்டம் இல்லை. எதனோடும் எளிதில் மோதுவதும் இல்லை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே ஒவ்வொரு வினாடியும் நம் விரல் நகத்தளவு பரப்பினூடே ஏறத்தாழ 6000 கோடி கடந்து செல்கின்றன. நமக்கு எவ்விதத் தீங்கும் நேர்வதில்லை. நாம் உணர்வதும் இல்லை.

நம் தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை இருப்பதை மாணவர்கள் அறிவர். பெரிய இலை மேலே தங்கும். தூள் கீழே விழும். பாறையும் அத்தகைய ஒரு சல்லடைதான். ஆழம் செல்லச் செல்ல மியூவான்களைப் பாறை தடுத்துவிடுகிறது. நியூட்ரினோவோ பாறையைக் கடந்து வந்துவிடுகிறது. ஆகவே மியூவான்களின் இரைச்சல் அடங்கிய இடத்தில் காத்திருந்தால்தான், எப்போதாவது ஒருமுறை மோதுகின்ற நியூட்ரினோவின் தடத்தை அடையாளம் காண முடியும். அதற்குக் கிலோமீட்டர் கணக்கில் தடித்த சல்லடை தேவை. கோலாரில் அது ஆயத்தமாக இருந்தது.

டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தை 1945-ஆம் ஆண்டு நிறுவிய ஹோமி பாபா, அண்டக் கதிர்களில் ஆழ்ந்த புலமை உடையவர். அந்நிறுவனத்தைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் பி. வி. ஸ்ரீகண்டன் 1951-ஆம் ஆண்டு தம் கருவிகளோடு கோலார் சுரங்கத்தில் இறங்கி மியூவான்களை அளந்தார். 1960-களின் தொடக்கத்தில் மியாக்கே, நரசிம்மம், ரமண மூர்த்தி ஆகியோர் மேலும் ஆழத்திற்குச் சென்றனர். மிக ஆழமான நிலையில் இரண்டு மாதங்கள் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. வேறு எவரும் இதனைத் தோல்வி என்றே கருதியிருப்பர். அவர்களோ, நியூட்ரினோவைத் தேடத் தகுந்த அமைதி இங்கே உண்டு என்பதற்கு இதுவே சான்று என உணர்ந்தனர்.

1965-ஆம் ஆண்டு

டாட்டா நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் கூடி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தன. இந்த ஆழத்தை நம் மாணவர்க்கு எப்படி விளக்குவது? நம் பிரிஞ்சாங் மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரம். அம்மலையை அப்படியே தலைகீழாக நிலத்திற்குள் கவிழ்த்தாலும் அந்த ஆழத்தை எட்டாது.

எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு மியூவான்களும் மேலிருந்து கீழ்நோக்கியே வரும். ஆகவே கருவிகளைச் சுவர்போல் நிறுத்தி, பக்கவாட்டில் பாய்ந்து வரும் துகள்களைத் தேடினர். பக்கவாட்டில் வருவது நியூட்ரினோ பாறையில் மோதிப் பிறந்ததாகவே இருக்க வேண்டும். தேடியது கிடைத்தது. 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அச்செய்தி ஆய்விதழில் வெளியாயிற்று. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் தலைமையிலான குழுவும் அதே வகை நியூட்ரினோவைக் கண்டது. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை மனித குலம் முதன்முதலில் கண்டது இவ்விரு சுரங்கங்களிலேதான். ஒன்றைத் தோண்டியவர்கள் தமிழர். மற்றொன்றைத் தோண்டியவர்கள் ஆப்பிரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்.

ஒரு தேயிலைச் செடியும் ஒரு புரோட்டானும்

1970-களில் இயற்பியலாளர்களிடையே ஒரு பெரும் வினா எழுந்தது. அணுக்கருவில் உள்ள புரோட்டான் என்றென்றும் நிலைத்திருக்குமா, அல்லது அதற்கும் ஒரு முடிவு உண்டா? இயற்கையின் விசைகளை ஒன்றிணைக்க முயன்ற புதிய கோட்பாடுகள், புரோட்டானும் ஒரு நாள் சிதையும் என்றன. ஆனால் அதற்கு ஆகும் காலம், 1-ஐ எழுதி அதன்பின் 30-க்கும் மேற்பட்ட சுழியங்களை இட்டால் வரும் ஆண்டுகள். பேரண்டத்தின் வயதோ ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள்தாம்.

அவ்வாறாயின் எப்படிச் சோதிப்பது? ஒரு தேயிலைச் செடியின் சராசரி ஆயுள் நூறு ஆண்டு என வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு செடியின்முன் அமர்ந்து அது பட்டுப்போவதைக் காணக் காத்திருந்தால் நம் வாழ்நாள் போதாது. பத்தாயிரம் செடிகள் உள்ள சரிவைக் கவனித்தாலோ, ஒரே ஆண்டில் ஏறத்தாழ நூறு செடிகள் பட்டுப்போவதைக் காணலாம். புரோட்டானுக்கும் அதே வழிதான். எண்ணற்ற புரோட்டான்களை ஓரிடத்தில் குவித்துக் கவனிக்க வேண்டும்.

1980-ஆம் ஆண்டின் இறுதியில் கோலாரில் அக்கவனிப்புத் தொடங்கியது. ஏறத்தாழ 1600 இரும்புக் குழாய்களை 34 அடுக்குகளாக அடுக்கி, 140 டன் எடையுள்ள கருவியை நிலத்தடியில் அமைத்தனர். புரோட்டான் சிதைவைத் தேடுவதற்கென்றே அமைக்கப்பட்ட கருவிகளுள் உலகில் முதலாவதாக இயங்கத் தொடங்கியது இதுவே. சிதைவு போலத் தோன்றிய சில நிகழ்வுகளையும் அக்குழுவினர் அறிவித்தனர். பின்னர் அமெரிக்காவின் உப்புச் சுரங்கம் ஒன்றிலும், ஜப்பானின் கமியோக்கா துத்தநாகச் சுரங்கத்திலும் அமைந்த மேலும் பெரிய கருவிகளில் அது உறுதிப்படவில்லை. இன்று கமியோக்காவின் சூப்பர் கமியோக்காண்டே கருவி, புரோட்டான் சிதைந்தால் மிகுதியும் எதிர்பார்க்கப்படும் வழிகளுள் ஒன்றைச் சோதித்து, அதற்கு ஆகும் காலம் 34 சுழியங்கள் கொண்ட எண்ணையும் தாண்டும் என்கிறது. இதுவரை எவரும் ஒரு புரோட்டானின் சாவைக் கண்டதில்லை.

இதனால் என்ன பயன் எனக் கேட்கலாம். பேரண்டம் தோன்றியபோது பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் தோன்றியிருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட்டிருக்கும். மலையும் இல்லை, தேயிலையும் இல்லை, நாமும் இல்லை. பொருள் மட்டும் எஞ்சியது எப்படி? இதற்குப் புரோட்டான் போன்ற துகள்களின் எண்ணிக்கை மாறக்கூடிய ஏதோ ஒரு நிகழ்வு இயற்கையில் இருந்தாக வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டு ரஷ்ய அறிஞர் சகாரவ் எடுத்துக்காட்டினார். புரோட்டான் சிதைவைத் தேடுவது, "நாம் ஏன் இருக்கிறோம்?" என்னும் வினாவிற்கு விடை தேடுவதாகும்.

இன்னும் விளங்காத தடங்கள்

கோலார் விட்டுச் சென்ற புதிர் மற்றொன்றும் உண்டு. நியூட்ரினோ கருவிகளில் விந்தையான சில நிகழ்வுகள் பதிவாயின. பாறைச் சுவருக்கும் கருவிக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில், மோதுவதற்கு எதுவும் இல்லாத காற்றில், ஒரே புள்ளியிலிருந்து பல தடங்கள் கிளம்பின. அறியப்படாத ஒரு துகள் அங்கே சிதைந்ததோ என ஐயுற்று, 1975-ஆம் ஆண்டு இதனை வெளியிட்டனர். 'கோலார் நிகழ்வுகள்' என்றே இவை பெயர் பெற்றன. பிற நாட்டு ஆய்வுக் கூடங்களில் தேடியும் அத்துகள் கிட்டவில்லை.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 2014-ஆம் ஆண்டு, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம். வி. என். மூர்த்தியும் கோ. இராஜசேகரனும் இதனை மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர். அவை இருள்பொருளின் சிதைவாக இருக்கக் கூடுமோ என வினவினர். பேரண்டத்தில் நாம் அறிந்த பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. 27 விழுக்காடு இருள்பொருள். 68 விழுக்காடு இருள் ஆற்றல். இவை இரண்டும் எவை என்பதை இன்றுவரை எவரும் அறியார். மூர்த்தி, இராஜசேகரன் இருவரும் கூறியது உறுதிப்பட்ட முடிவு அன்று. சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு கருத்து. மிகச் சில நிகழ்வுகளே பதிவாயின என்பதால் ஐயமும் நீங்கவில்லை.

சுரங்கம் மூடிய பின்

1990-களின் தொடக்கத்தில் கோலார் ஆய்வு முடிவுக்கு வந்தது. தங்கத்தின் அளவு குறைந்து செலவு மிகுந்ததால், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கமும் மூடப்பட்டது. ஊரைச் சுற்றிச் சயனைடு கழிவு மண்மேடுகள் நின்றன. பிள்ளைகளும் பேரர்களும் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய நம் நாட்டுத் தமிழர்க்கு இந்நிலை புதிதன்று.

இதற்கிடையில் 1998-ஆம் ஆண்டு, சூப்பர் கமியோக்காண்டே ஆய்வாளர்கள் வளிமண்டல நியூட்ரினோக்கள் செல்லும் வழியிலேயே ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுகின்றன என நிறுவினர். அவ்வாறு மாறுவதற்கு அவற்றுக்கு நிறை இருந்தாக வேண்டும். இதற்காகக் கஜிட்டாவும் கனடாவின் மெக்டொனால்டும் 2015-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். 1965-ஆம் ஆண்டு கோலாரில் முதன்முதலில் கண்ட அதே வகை நியூட்ரினோக்கள் இவை. அந்த நிறை எவ்வளவு, எங்கிருந்து வந்தது, மூவகை நியூட்ரினோக்களுள் எது கனமானது என்பவை இன்னும் விடை காணாதவை.

மூன்றாவது வினாவிற்கு விடை காணவே, 50,000 டன் காந்த இரும்புக் கருவியுடன் ஒரு நியூட்ரினோ ஆய்வகத்தை இந்தியா திட்டமிட்டது. நீலகிரியின் சிங்காரா என்னும் இடம் வனவிலங்குகளின் பொருட்டு 2009-ஆம் ஆண்டு மறுக்கப்பட்டது. பின்னர்த் தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகிலுள்ள மலை தெரிவு செய்யப்பட்டு, 2015-ஆம் ஆண்டு நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. வெடி வைப்பதால் மலைக்கும் நீருக்கும் காட்டுக்கும் என்ன நேருமோ என மக்கள் அஞ்சினர், எதிர்த்தனர், வழக்குகள் தொடர்ந்தன. 2022-ஆம் ஆண்டு தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. திட்டம் தொடங்கவில்லை. அதே வினாவிற்கு விடை தேடும் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதிவுகளைத் தொடங்கிவிட்டது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. நியூட்ரினோவால் தீங்கு வரும் என்னும் அச்சம் அறிவியலுக்குப் பொருந்தாது. ஆனால் மலையைப் பற்றியும் நீரைப் பற்றியும் மக்கள் கேட்ட வினாக்கள் நியாயமானவை. கோலாரில் குழி முன்னரே இருந்தது. விஞ்ஞானிகள் அதனை இரவல் பெற்றனர். தேனியிலோ புதிதாகக் குடைய வேண்டும். அதற்கு அம்மண்ணின் மக்களுடைய நம்பிக்கை தேவை. அறிவியல் தங்களுடையது என்று மக்கள் உணராத இடத்தில் அந்நம்பிக்கை எளிதில் பிறவாது.

நம் வகுப்பறைக்கு

கோலார் ஆய்வுக் கட்டுரைகளில் மூன்று நாட்டு அறிஞர்களின் பெயர்கள் உள்ளன. அது அவர்களுடைய உழைப்புக்கு உரிய சிறப்பு. ஆனால் அந்த ஆழத்தைத் தோண்டியவர்கள், காற்றும் நீரும் சீராக வைத்தவர்கள், கூண்டை இயக்கியவர்கள் ஆகியோரின் பெயர்கள் அங்கே இல்லை. அவர்கள் இன்றி அந்த ஆய்வும் இல்லை. அதனைச் சொல்லும் கடமை அறிவியல் இதழுக்கு இல்லாமற் போகலாம், தமிழ்ப்பள்ளிக்கு உண்டு.

மற்றொன்றும் உண்டு. அறிவியல் என்றால் விடைகளின் தொகுப்பு என்றே நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். தேர்வுத் தாளில் விடை இல்லாத வினா இடம்பெறுவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் யாரோ கண்டுபிடித்து முடித்துவிட்டார்கள், மனனம் செய்வதே நம் வேலை என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் பின்வரும் நான்கு வினாக்களையும் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்:

1. புரோட்டான் என்றேனும் சிதையுமா?
2. பேரண்டத்தில் எதிர்ப்பொருள் போய்ப் பொருள் மட்டும் எஞ்சியது ஏன்?
3. நியூட்ரினோவிற்கு நிறை எங்கிருந்து வந்தது?
4. இருள்பொருள் என்பது என்ன?

"இவற்றிற்கு ஆசிரியருக்கும் விடை தெரியாது, நோபல் பரிசு பெற்றவருக்கும் தெரியாது" என்று சொல்லுங்கள். பிறகு கோலாரின் கதையைச் சொல்லுங்கள். பெற்றோர்களும் இரவு உணவு வேளையில் இதனைப் பிள்ளைகளோடு பேசலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை. சல்லடையும் தேயிலைச் செடியும் தெரிந்தால் போதும். அவை நமக்கு நன்றாகவே தெரியும்.